நைனாவை ‘பாக்’ என்றவள்

திருச்சானூரில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றபோது மளிகைக் கடையிலிருந்து கிராம்பு வாசனை வந்தது. என் சின்ன வயதில் இந்தோனேசியாவில் நாங்கள் இருந்த மலைக் கிராமம் நினைவில் எழுந்தது.

நைனா அங்கே தேயிலைத் தொழிற்சாலையில் மெக்கானிக். தெருவோரமெல்லாம் பாய் விரித்துக் கிராம்பு காயவைத்திருப்பார்கள். மேகம் இறங்கினால் ஊரே ஓடிவந்து அள்ளும். பக்கத்து வீட்டு யாந்திக்கு என் வயது, அப்பா இல்லை. அவர்கள் வீட்டுக் கிராம்பை அள்ள நைனா ஓடுவார். அவள் நைனாவை ‘பாக்’ என்பாள். அப்பா என்று அர்த்தம். அங்கே வயதில் மூத்த ஆண்கள் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று அம்மா சொல்லியும் எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் மழையில் நாங்கள் இருவரும் வழுக்கி விழுந்தோம். நைனா அவளைத்தான் தூக்கினார்.

“எனக்கும்தான் ரத்தம் வருது!” என்று கத்தினேன்.

“நீ ஏந்து வந்துடுவ கண்ணு. அதுக்கு யாரு கீறாங்க?”

நான் எழவில்லை. அவளை வீட்டில் விட்டுவிட்டு அவர் திரும்பும்வரை சேற்றிலேயே கிடந்தேன்.

இன்று வீட்டுக்கு வந்ததும், உடம்பு முடியாமல் படுத்திருக்கும் நைனாவிடம், “யாந்திய ஞாபகம் கீதா?” என்று கேட்டேன்.

“யாந்தியா? போன் பண்ணாளா?” என்று எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது.