நூலை வெளுக்கும் பவுடர்

ஆரணியில் எங்களுக்குச் சாயப்பட்டறை இருக்கிறது. பட்டு நூலில் சாயம் தவறாக ஏறிவிட்டால், வெந்நீரில் ஒரு பவுடரைக் கலந்து முக்குவோம். கண்ணெதிரே கலர் கழன்று நூல் வெளுத்துவிடும். கையுறை போடச் சொல்லி வீட்டுக்காரர் கத்துவார். யாரும் போடுவதில்லை.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு என் கன்னங்களில் கறுப்பாக மங்கு விழுந்தது. எந்த க்ரீமுக்கும் அசையவில்லை. "நூலுல ஏறுனதே போவுது, மூஞ்சில போவாதா அண்ணி?" என்றாள் நாத்தனார். எனக்கும் சரியென்றே பட்டது. அந்தப் பவுடர் கலந்த தண்ணீரைப் பஞ்சில் தொட்டுத் தடவினேன். எரிந்தது. வேலை செய்கிறது என்று பொறுத்துக்கொண்டேன். காலையில் என் தோல் தலையணை உறையில் ஒட்டியிருந்தது.

வேலூர் தோல் டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "நம்ம கறுப்புத் தோல் புண்ணானா, ஆறும்போது இன்னும் கறுக்கும்மா. மங்கு வைத்தியத்துல கொறஞ்சிருக்கும். இதுக்கு நான் உறுதி சொல்ல முடியாது."

இப்போது கன்னம் கரிக்கட்டையாக இருக்கிறது, நடுவில் வெள்ளைத் திட்டு. டாக்டர் எழுதிய களிம்பைத் தவிர எதையும் தொடுவதில்லை. வெளியே போனாலும் பட்டறைக்கு ஆள் வந்தாலும் முகத்தை முந்தானையால் மூடிக்கொள்கிறேன். பவுடர் டப்பாவுக்குப் பூட்டு போட்டிருக்கிறேன். பட்டறைக்கு வரும் பெண்கள் யாராவது, "அக்கா, மூஞ்சிக்குக் கொஞ்சம் குடுக்கா" என்று கேட்டால் புத்தி சொல்வதில்லை. முகத்திலிருந்து முந்தானையை விலக்கிவிட்டு அவர்கள் எதிரே நிற்கிறேன்.