ஷரஃபுதீனுக்குத் தெரியாத வாடை

ஷரஃபுதீனுக்கு மூக்கு போய் நாலு வருஷம் ஆகிறது. கொரோனா வந்து எழுந்தபோது நாக்கு மெல்ல வழிக்கு வந்தது, மூக்கு வரவில்லை. பெட்ரோலும் பிரியாணியும் அவருக்கு ஒன்றுதான். மனைவி வஜீஹாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. கார் ஓட்டக் கண்ணும் காலும் போதாதா?

மயிலாப்பூரில் சூடாமணி மாமி வீட்டில் பதினோரு வருஷமாக டிரைவர். காலையில் சைதாப்பேட்டையிலிருந்து வந்து, மாமியின் மகன் பரத்வாஜை ஆபீஸில் விடுவார். பிறகு மாமிக்குக் கோயில், டாக்டர். மத்தியானச் சாப்பாடு காருக்குள்ளேயே, கண்ணாடியை இறக்கிவிட்டு.

ஆடி மாதம் ஒரு நாள் பரத்வாஜ் ஏறியதும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டான்.

"என்ன ஷரஃபுதீன், மீனா?"

அன்று தயிர் சாதம்தான். முந்தின நாள் கருவாடு.

"இருக்கும் சார். கழுவிடறேன்" என்றார். அப்படி ஒப்புக்கொண்டதுதான் தப்பாகப் போயிற்று.

கழுவினார். மறுநாள் இன்னும் மோசம் என்றான் பரத்வாஜ். மாமி ஒரு கிண்ணத்தில் காப்பிப்பொடி கொடுத்து சீட்டுக்கடியில் வைக்கச் சொன்னாள். மல்லிகை சென்ட் வாங்கி மாட்டினார். "இப்போ மல்லிப்பூவும் மீனும் சேர்ந்துண்டு வருது" என்றான். ஷரஃபுதீன் மீனை விட்டார், கறியை விட்டார். மாடவீதியில் ஒரு மரத்தடியில் நின்றுகொண்டே சாப்பிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு வண்டியில் ஏறினார். வாடை போகவில்லை என்றார்கள். அவருக்கோ எதுவும் தெரியவில்லை.

"இந்த மாசம் பாக்கறேன். இல்லேன்னா ஏஜென்சில வேற ஆள் சொல்லிடுவேன். தப்பா நினைச்சுக்காதீங்க" என்றான் பரத்வாஜ்.

ராத்திரி வீட்டுக்குப் போனதும் வஜீஹா முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்.

"மோந்து பாரு."

"சோப்பு வாசனதான் வருது."

"நல்லாப் பாரு."

"கல்யாணமான புதுசுலகூட என்ன இவ்ளோ கிட்ட கூப்பிட்டதில்ல நீங்க. தெனம் இதே ரோதனையாப் போச்சு." சிரித்தவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "உங்க மேல ஒண்ணும் இல்ல. அந்த வண்டியத்தான் நான் பாக்கணும்."

பரத்வாஜ் ஊரில் இல்லாத நாளில், வண்டி கழுவுகிற இடத்துக்கு பஸ்ஸில் வந்தாள். டிரைவர் சீட்டை மோந்தாள். பர்தாவைச் சுருட்டிக்கொண்டு பின்பக்கம் மண்டியிட்டாள்.

"ஐயே! இங்கதான் கீது."

"மீனா?"

"மீனும் இல்ல, கருவாடும் இல்ல. பால். கெட்டுப்போன பால். தூக்குங்க சீட்ட."

தூக்கினார்கள். அடியில் ஸ்பாஞ்சு மஞ்சளாகத் திரைந்து, விரல் பட்டதும் உதிர்ந்தது. ஷரஃபுதீன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இதுக்காடா நான் ரெண்டு மாசமா மீன் துண்ணல" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

சாயங்காலம் மாமியிடம் கேட்டார். மகன் வந்துவிட்டானா என்று மாமி வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"பிரதோஷத்தன்னிக்குக் கோயிலுக்குப் பால் கொண்டுபோற வழில தூக்கு சாஞ்சுடுத்து, ஷரஃபு. தலைப்பாலேயே துடைச்சுட்டேனே! உள்ள எறங்கும்னு எனக்கு என்ன தெரியும்?"

"சார் என்னயச் சொல்லிக்கினு இருந்தாரே, மாமி."

மாமி தரையைப் பார்த்தாள். "அவன்கிட்ட இப்போ சொல்லாதே. ஏற்கெனவே எனக்குக் கை நடுங்கறதுன்னு கோயிலுக்கெல்லாம் வேண்டாங்கறான். சமயம் பாத்து நானே சொல்லிக்கறேன்."

ஷரஃபுதீன் தலையாட்டினார். மறுநாளே சீட்டுக் கடையில் ஸ்பாஞ்சை மாற்றினார்.

திங்கட்கிழமை பரத்வாஜ் முன்சீட்டில் உட்கார்ந்து மூச்சை இழுத்தான். மாமி பின்னால்.

"பாத்தீங்களா? வண்டில சாப்பிடறத நிறுத்தினதும் போயிடுத்து. முதல்லயே கேட்டிருக்கலாம்."

ஷரஃபுதீன் கண்ணாடியில் மாமியைப் பார்த்தார். மாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். லஸ் சிக்னலில் சிவப்பு. பச்சை விழும்வரை காத்திருந்தார்.

"அது சாப்பாடு இல்ல, சார். பால். மாமியையே கேளுங்க."

பரத்வாஜ் திரும்பினான். "என்னம்மா?"

"எனக்கு ஞாபகம் இல்லடா."

பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். ஷரஃபுதீன் கியரைப் போட்டார்.

"எதுவானா என்ன, போயிடுத்து. வயசானவா மேல பழியப் போடாதீங்க, ஷரஃபுதீன்."

அன்று சாயங்காலம் ஷரஃபுதீன் சாவியை மேஜையில் வைத்து, நாளையிலிருந்து வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பரத்வாஜ் ஏன் என்று கேட்கவில்லை. மாமி உள்ளே விளக்கேற்றிக்கொண்டிருந்தாள்.

வஜீஹா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வயசாயிடுச்சுல்ல, நெஜமாவே மறந்துருக்கும்" என்றாள்.

"ஒரு வாரம் ஆவல, என்கிட்ட சொல்லி."

மின்சார ரயில் ஒன்று கடந்து போய், வீட்டின் தகரம் அதிர்ந்து ஓய்ந்தது.

"தி. நகர்ல பக்கத்து வூட்டு ஷீலாக்கா வேல செய்யிற துணிக்கடைல டிரைவர் கேட்டுக்கினு இருந்தாங்க. காலைல போய்ப் பாருங்க" என்றாள். சோற்றைப் போட்டுவிட்டு, "மூக்கு மேட்டர மட்டும் வாயத் தொறந்து சொல்லிடாதீங்க" என்றாள்.