உள்பக்கம் மூன்று புள்ளி

தெருவில் அவருக்கு நோட்டம் என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். யார் யார் சொல்கிறார்கள் என்பதும் தெரியும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து, தகரத்தின் விளிம்பு வழியாகப் பார்ப்பது, நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர் வேலை செய்கிறவர்களின் பழக்கம். அப்படிப் பார்த்தால்தான் மேடு பள்ளம் கண்ணில் படும். அவர் பால் பாக்கெட்டையும் அப்படித்தான் பார்ப்பார். மணி என்ன என்று இரண்டு பேரிடம் கேட்பார். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். இழுத்த இழுப்பில் ஒரு தடவை பூட்டு கையோடு வந்துவிட்டது. "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று அதையும் தன் பக்கத்துச் சாட்சியாக வைத்துக்கொண்டார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி என் போட்டோவ அனுப்பியிருந்தாங்க" என்பாள் அவர் மனைவி, பக்கத்து வீட்டுக்காரியிடம். "நேர்ல பாத்ததும் மொத கேள்வி, போட்டோல இருக்கறது நீதானான்னு. ஆமான்னேன். இன்னும் முழுசா நம்பின மாதிரி தெரியல."

ஆனாலும் அந்தச் சந்தேகம்தான் அவருக்குச் சோறு போட்டது. பழைய கார் வைத்திருப்பவர்கள் அவரைத்தான் தேடி வந்தார்கள். தகரத்தை விரலால் தட்டிப் பார்த்தே, உள்ளே துருவா, முன்னால் யாரோ பள்ளத்தை மறைக்க அப்பிய பட்டிப் பசையா என்று சொல்லிவிடுவார். எந்த அளவையும் அவர் நம்பியதில்லை. அளவுநாடா நீளும், சுருங்கும், பிடிக்கிறவன் கை நடுங்கும் என்பார். எல்லாவற்றுக்கும் கெட்டி அட்டையில் அச்சு வெட்டி, பொருத்திப் பார்த்துத்தான் செய்வார்.

வீட்டின் கீழ்த்தளம் முழுக்கப் பட்டறை. இரண்டு ஷட்டர். இடது பக்கம் இவர் தட்டுவார். வலது பக்கம் மனைவியின் தம்பி பெயிண்ட் அடிப்பான். நடுவில் தூசி போகாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் திரை. மேலே வீட்டிலும் அதே ஏற்பாடுதான். ஒரே கூடம், இரண்டு அறை, ஒரே சமையல். மைத்துனன் படிப்பை விட்டுவிட்டு அக்காவிடம் வந்து சேர்ந்தவன், ஸ்பிரே துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் வேறு ஆளாகிவிட்டான். இவர் தட்டி நிமிர்த்தியதை அவன் கண்ணாடியாக்கிக் கொடுப்பான். ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு வேலை இல்லை. இதை இருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மனைவிதான் அவ்வப்போது சொல்வாள், அதுவும் இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் நாளில்.

இந்த ஏற்பாடே உடைந்துபோகும்படி ஆனது ஒரு பின்பக்க பம்பரால்.

கார் ஒரு பல் டாக்டரம்மாவுடையது. அவருடைய அப்பா ஓட்டியது. பல வருஷம் ஷெட்டில் துணி போர்த்திக் கிடந்தது. பின் பம்பர் நடுவில் நசுங்கி, இடது முனை உள்நோக்கி மடிந்து, குரோம் செதில் செதிலாக உரிந்து வந்திருந்தது. புதிது கிடைக்காத சாமான். இருப்பதை நிமிர்த்தித்தான் ஆக வேண்டும்.

நோட்டம் அதைக் கழற்றிக் குப்புறப் போட்டு, வலது பாதியை நன்றாகத் தடவிப் பார்த்தார். அந்தப் பாதியில் அடியே படவில்லை. அதன் வளைவுக்கு அட்டையில் ஓர் அச்சு வெட்டினார். அதையே திருப்பிப் போட்டால் இடது பாதிக்கு அச்சு. முகத்தில் இரண்டு கன்னம் போல, பம்பருக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதானே. சூடேற்றி, பின்னால் இரும்புக் கட்டியை அணைத்துப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி, இடது முனையை வெளியே கொண்டுவந்தார்.

காருடன் பம்பரைப் பிணைக்கும் இரண்டு இரும்புக் கைகளில் இடது கை கொஞ்சம் குட்டையாக இருந்தது. நடுவில் வெட்டி ஒட்டவைத்த தழும்பும் தெரிந்தது. "எவனோ அரைகுறை பாத்த வேலை" என்று அதைப் பழைய இரும்புப் பெட்டியில் வீசிவிட்டு, வலது கையைப் பார்த்து அச்சு அசலாகப் புதிதாக ஒன்று செய்தார்.

மைத்துனன் திரையை விலக்கிக்கொண்டு வந்து, கொஞ்ச நேரம் நின்று பார்த்தான்.

"மாமா, லெஃப்ட் முனை மொதல்லயே கொஞ்சம் உள்ளதான் இருந்துச்சு. அது அடிபட்டதா, இல்ல வேணும்னே வெச்சதான்னு..."

"வேணும்னு யாராவது கோணலா வெப்பானா? நீ போய் உன் கலர கலக்கு."

அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு போனான்.

குரோம் முலாம் பூச அனுப்புவதற்கு முன் காரில் ஒரு தடவை பொருத்திப் பார்த்துவிடுவதுதான் முறை. ஆனால் கார் அப்போது திரைக்கு அந்தப்பக்கம், ஈரப் பெயிண்டோடு நின்றது. கை வைக்காதீங்க, காயட்டும் என்று மைத்துனன் மறித்துவிட்டான். அப்போது நோட்டத்துக்கு அது சாதாரணமாகத்தான் பட்டது. அச்சு இருக்கும்போது பொருத்திப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று பம்பரை அனுப்பிவிட்டார். முலாம் பட்டறைக்கு எடுத்துப்போனவனும் திருப்பிக் கொண்டுவந்தவனும் மைத்துனன்தான்.

பம்பர் பழைய கம்பளியில் சுற்றப்பட்டு வந்தது. பிரித்தால் பட்டறையின் கூரையும் டியூப் லைட்டும் அதற்குள் தெரிந்தன. நோட்டம் தூக்கிப் பார்த்தார். எடை குறைந்த மாதிரி இருந்தது. 

காரில் ஏற்றி போல்ட் போட்டார். வலது பக்கம் விளிம்புக்கும் பாடிக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தது. இடது பக்கம் மூன்று விரல் தாராளமாக நுழைந்தது. கழற்றினார், மாட்டினார், ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மறு கண்ணை மூடிப் பார்த்தார். அச்சை எடுத்து பம்பரின் மேல் வைத்தார். வலதும் சரி, இடதும் சரி. பம்பரில் குறையே இல்லை. காரில்தான் உட்கார மாட்டேன் என்றது.

அப்படியென்றால் இது இந்தக் காரின் பம்பரே இல்லை.

அந்த எண்ணம் வந்து உட்கார்ந்ததும் மற்றவையெல்லாம் வரிசையாக வந்து சேர்ந்துகொண்டன. காருக்குப் பக்கத்திலேயே விடாமல் ஏன் மறித்தான்? எடை ஏன் குறைந்தது? பழைய உதிரிபாகக் கடைக்காரரோடு டீக்கடை வாசலில் நின்று என்ன பேசினான்? இவரைக் கண்டதும் பேச்சை ஏன் மாற்றினான்? இரண்டு நாளாகப் போன் வந்தால் வாசலுக்குப் போய் ஏன் பேசுகிறான்? இதே மாடல் கார் ஊருக்குள் இன்னொன்று இருப்பதும், அதன் சொந்தக்காரர் நல்ல பின் பம்பருக்காக அலைவதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. இவர் உயிரைக் கொடுத்து நிமிர்த்தியதை அங்கே தள்ளிவிட்டு, அங்கிருந்த ஒன்றுக்கு முலாம் பூசிக் கொண்டுவந்துவிட்டான். கண்ணுக்கு ஒன்று போலத்தான் இருக்கும். காருக்குத் தெரியாதா?

சாப்பிடும்போது மைத்துனன் சிரித்துச் சிரித்துப் பேசினான். அதுவே சந்தேகமாக இருந்தது. மறுநாள் பேசாமல் சாப்பிட்டான். அது அதைவிடச் சந்தேகமாக இருந்தது.

நோட்டத்திடம் இதைத் தீர்க்க ஒரு வழி இருந்தது. அது அவருக்கு மட்டுமே தெரிந்த வழி. பட்டறையை விட்டு வெளியே போகும் எந்தச் சாமானிலும், யார் கண்ணிலும் படாத இடத்தில், பஞ்ச் என்கிற கூர்முனை இரும்புக் கம்பியை வைத்து மூன்று புள்ளி குத்திவிடுவார். திரும்பி வந்ததில் சந்தேகம் தட்டினால் புள்ளியைத் தேடுவார். இந்த பம்பரிலும் உள்பக்கம், இடது போல்ட் துளைக்கு மேலே குத்தியிருந்தார்.

மைத்துனன் வெளியே போன நேரம் பார்த்து, பம்பரை மெத்தை விரிப்பில் குப்புறப் போட்டு டார்ச் அடித்துத் தேடினார். உள்பக்கம் முழுக்கக் கருப்பு. வழவழவென்று இருந்தது. விரலால் தடவினார். புள்ளி இல்லை. வலது பக்கமும் தேடினார். எங்கும் இல்லை.

டார்ச்சை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சந்தேகப்பட்டது சரியாகப்போனால் அவருக்கு எப்போதும் ஒரு திருப்தி வரும். இந்தத் தடவை வரவில்லை. 

மாடிக்குப் போய், துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் சொன்னார். இந்தக் கார் முடிந்ததும் பட்டறையை இரண்டாகப் பிரித்துவிடலாம், அவன் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும், சமையலும் தனித்தனியாகவே இருக்கட்டும் என்றார். அவள் கையிலிருந்த துண்டை மடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். காரணம் கேட்டாள். அவர் புள்ளி விஷயத்தையும் சேர்த்துச் சொன்னார்.

"அவன்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா உண்மையச் சொல்வானா?"

"கேக்காம எப்பிடிங்க தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியாதது என்னதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவள் ஜன்னல் வழியாகக் குனிந்து, அப்போதுதான் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்த தம்பியைக் கூப்பிட்டாள். நோட்டம் கையைக் காட்டித் தடுப்பதற்குள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

அவன் மேலே வரவில்லை. இவர்கள் இறங்கிப் போனபோது, ஒரு பழந்துணியில் தின்னரை ஊற்றிக்கொண்டு பம்பருக்குப் பக்கத்தில் முட்டிபோட்டிருந்தான். முகம் இவர் பக்கம் திரும்பவில்லை.

"புள்ளிய எங்க வெச்சீங்க, சொல்லுங்க."

"இடது துளைக்கு மேல."

"உள்ள துரு ஏறக் கூடாதுன்னு முலாம் பட்டறையிலேயே நின்னு நான்தான் கருப்பு அடிச்சேன். ரெண்டு கோட்டு." சொல்லிக்கொண்டே அழுத்தித் தேய்த்தான். துணி கருத்தது. கருப்பு மெல்லக் கரைந்து, அடியில் இரும்பு தெரிந்தது. அதில் மூன்று புள்ளி, முக்கோணமாக, அவர் குத்திய மாதிரியே.

மனைவி குனிந்து எண்ணிப் பார்த்தாள். தின்னர் நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"எல்லா சாமான்லயும் வெப்பீங்களா?" என்றான் மைத்துனன்.

"ம்."

"நான் வந்ததுலேருந்தா?"

"அதுக்கு முன்னாடியே உண்டு."

"நான் ஓட்டற பைக்குல?"

 அவன் எழுந்து போய்த் தன் பைக்கின் சீட்டைத் தூக்கிப் பார்த்தான். அங்கேயும் மூன்று புள்ளி.

"என் தையல் மெஷின்ல?" என்றாள் மனைவி.

நோட்டம் தலையைச் சொறிந்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பியின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

களவு போகவில்லை என்பதற்கு அந்தப் புள்ளிதான் சாட்சி. இத்தனை வருஷம் அவனை நம்பவில்லை என்பதற்கும் அதுவேதான் சாட்சி. அதைத் துடைத்து வெளியே எடுத்ததும் அவனுடைய கைதான். நோட்டத்துக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று பட்டது. வாயில் வந்தது வேலைப் பேச்சுதான்.

"அப்ப பம்பர் நம்மதுதான். பின்ன ஏன் உக்கார மாட்டேங்குது?"

"பம்பர் நேரா இருக்கு, அதான்" என்றான் அவன், வறட்டுக் குரலில். "காரு கோணல்."

நோட்டம் காருக்குப் பின்னால் போய் அட்டை அச்சை முதல் தடவையாகக் காரின் உடம்பில் வைத்துப் பார்த்தார். வலது பக்கம் படிந்தது. இடது பக்கம் இரண்டு விரல் உள்ளே போயிருந்தது. எப்போதோ அடிபட்டு உள்வாங்கிய மூலை அது. கைதேர்ந்த யாரோ அதை வெளியே தெரியாமல் மறைத்து, பம்பர் முனையை அதற்கேற்ப உள்ளே வளைத்து, இரும்புக் கையையும் வெட்டிக் குட்டையாக்கியிருந்தான். எல்லாம் வேண்டுமென்றே செய்தது. உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவர், காருக்கு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும் என்பதை மட்டும் கேள்வியே இல்லாமல் நம்பியிருந்தார்.

முலாம் பூசிய பம்பரில் இனிச் சுத்தியல் படக் கூடாது, குரோம் வெடித்துவிடும். நோட்டம் பழைய இரும்புப் பெட்டியைக் கவிழ்த்து, தான் வீசிய குட்டைக் கையைத் தேடி எடுத்தார். துருவைத் தேய்த்து, துளையை அரத்தால் கொஞ்சம் நீளமாக்கினார். மைத்துனன் தன் பெயிண்டின் ஓரமெல்லாம் பட்டையாக டேப் ஒட்டினான். பிறகு கேட்காமலேயே வந்து பம்பரின் இடது முனையைத் தாங்கிப் பிடித்தான். அவன் கை ஒரு நூல் இறங்கினாலும் அவனுடைய பெயிண்ட்தான் கிழியும். இவர் கீழே படுத்து நட்டை முறுக்கினார். இறக்கு, ஏத்து, நில்லு என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

இடைவெளி சுருங்கியது. ஆனால் நேராக்கிய முனை மட்டும் கடைசியில் கொஞ்சம் விலகியே நின்றது. மைத்துனன் சட்டைப் பையிலிருந்து ஒரு கருப்பு ரப்பர் பட்டையைச் சுருளாக எடுத்தான்.

"பம்பருக்கும் பாடிக்கும் நடுவுல வெக்கற பீடிங். இந்த மாடலுக்கு எங்கயும் கிடைக்கல. அந்த உதிரிபாகக் கடைக்காரர் பின்னாடி நேர்லயும் போன்லயும் நாலு நாள் சுத்தினேன். கிடைக்குதான்னு தெரியறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொன்னா, நூறு கேள்வி கேப்பீங்க."

நோட்டம் கேட்க வாயெடுத்தார், மூடிக்கொண்டார். பட்டையைச் செருகியதும் இரண்டு பக்கமும் ஒன்று போலத் தெரிந்தது. ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் மட்டும் இடது பக்கம் ஒரு நூல் அதிகம். அவர் இரண்டு கண்ணையும் திறந்தே பார்த்தார்.

கார் எடுக்க வந்த டாக்டரம்மா பின்னால் சுற்றி வந்து, இந்த மூலைதான் என்று சிரித்தார். சின்னப் பெண்ணாக அவர் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தபோது, அப்பா ரிவர்ஸ் எடுத்துப் பள்ளிக்கூட கேட்டில் இடித்துவிட்டாராம். அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று அன்றைக்கே ரகசியமாக ஆள் வைத்துச் சரிசெய்தாராம். "அம்மா கடைசிவரைக்கும் கண்டுபிடிக்கல" என்றார். நோட்டத்துக்கு அதிலும் சந்தேகம்தான். அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

கார் போனதும் மைத்துனன் கையை நீட்டினான். "புள்ளி குத்தற அந்தப் பஞ்ச்ச குடுங்க." நோட்டம் மேஜை டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். அவன் அதைப் பையில் போட்டுக்கொண்டு, படியேறிப் போய்விட்டான். வேறு இடம் பார்க்கப் போகிறானா என்று மனைவியிடம் கேட்டார். அவனிடமே கேளுங்கள் என்றாள். அவரால் கேட்க முடியவில்லை.

காலையில் அவர் இறங்கி வந்தபோது இரண்டு ஷட்டரும் திறந்திருந்தன. திரைக்கு அந்தப்பக்கம் கம்ப்ரெஸர் ஓடிக்கொண்டிருந்தது. இவருடைய மேஜைக்கு மேலே, சுவரில் புதிதாக ஓர் ஆணி. யார் உள்ளே வந்தாலும் முதலில் கண்ணில் படும் இடம். அதில் நூல் கட்டி, அந்தப் பஞ்ச் தொங்கியது.

நோட்டம் கிட்டே போனார். தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, அது தன்னுடையதுதானா என்று பார்த்தார்.

"உங்களுதுதான், மாமா" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "பின்பக்கம் என் அடையாளமா ரெண்டு புள்ளி வெச்சிருக்கேன். பாத்துக்கங்க."