காதுக்குப் பின்னால் வழுக்கை

கால்நடை மருத்துவத்தில் நோயாளி வாயைத் திறந்து டாக்டரைக் குறை சொல்வதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எங்களில் பாதிப் பேர் காலம் தள்ளுகிறோம். ஈரோட்டுப் பக்கம் மாடும் கோழியும் பார்த்துப் பழகிய நான், கல்யாணமாகி புனேவுக்கு வந்து, தொண்ணூற்றேழில் கசார்வாடியில் ஒரு கடையறையை வாடகைக்குப் பிடித்து கிளினிக் போட்டேன். நாய்கள் வரும் என்று நினைத்தேன். கினி பிக் வந்தது. முயலுக்கும் எலிக்கும் நடுவில், வாலில்லாத ஒரு சாது. கல்லூரியில் அதை ஆய்வுக்கூடக் கூண்டில் பார்த்ததோடு சரி. அதை வளர்த்து, சொறி, படை, முடியுதிர்வு என்று அலைந்தவர்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். உங்கள் டாக்டரின் கஷ்டத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

முதல் நோயாளி

பக்கத்துப் போசரியில் லேத் ஓட்டுகிற முருகேசன், ஒன்பது வயது மகள் சுமதியோடு ஒரு பிளாஸ்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கூடைக்குள் பண்டு. நன்றாகத் தின்றது, கொத்தமல்லிக் கவர் சரசரத்தால் விசிலடித்தது, எடையும் குறையவில்லை. இரண்டு காதுக்கும் பின்னால் மட்டும் புளியங்கொட்டை அளவுக்கு முடி இல்லை. அரிப்பு இல்லை, செதில் இல்லை, புண் இல்லை. இருந்தும் நான் சொறி என்று முடிவு கட்டினேன். முதல் நோயாளியிடம் “தெரியவில்லை” என்று சொல்ல வாய் வரவில்லை. நாய்ச் சொறிக்குப் போடும் பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலந்து தடவிவிட்டேன்.

கினி பிக் முன்னங்காலால் காதைத் துடைக்கும், பிறகு அந்தக் காலை நக்கும். இது எனக்கு அப்போது தோன்றவில்லை. மூன்றாம் நாள் பண்டுவை ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். உடம்பு விறைத்திருந்தது. எங்கள் தொழிலில் எப்போதும் கைவசம் இருக்கிற ஒரு வரியை எடுத்துவிட்டேன்: “இன்னும் கொஞ்சம் முன்னாடியே கொண்டு வந்திருக்கணும்.” சுமதி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முருகேசன்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்: “நீங்க என்ன செய்வீங்க டாக்டரம்மா, நாங்கதான் கவனிக்காம விட்டுட்டோம்.”

கடைக்காரர் சொன்னது

ஒரு மாதம் கழித்து வேறு ஒரு வீட்டிலிருந்து இரண்டு கினி பிக்கை நகம் வெட்டக் கொண்டுவந்தார்கள். இரண்டுக்கும் காதுக்குப் பின்னால் அதே இடத்தில், அதே அளவில் வழுக்கை. அன்று மத்தியானமே பிராணிகள் விற்கும் கடைக்குப் போய், கூண்டிலிருந்த பதினோரு கினி பிக்கையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காது மடலை விலக்கிப் பார்த்தேன். பதினொன்றுக்கும் இருந்தது. அது நோயே இல்லை. பிறக்கும்போதே அந்த ஜாதிக்கு அங்கே முடி கிடையாது. இவள் வாங்க வந்தவளா, குறை கண்டுபிடிக்க வந்தவளா என்று கடைக்காரருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். “மேடம், வோ தோ கம்பெனி ஃபிட்டிங் ஹை!” என்றார். கம்பெனியிலிருந்தே அப்படித்தான் வருகிறதாம்.

பழைய ஆயில்

முருகேசனிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை எடுத்தேன். போசரி தொழிற்பேட்டை முகப்பு வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டேன். பயம்தான், வேறொன்றுமில்லை. அந்த மனிதரோ பார்க்கிறவர்களிடமெல்லாம் “நல்ல டாக்டர், நம்ம ஊர்க்காரங்க” என்று சொல்லி ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

அப்படி அவர் அனுப்பி வந்தவர் கசார்வாடி ஒர்க்‌ஷாப் வெல்டர் ஒருவர். அவருடைய கினி பிக்குக்கு வந்திருந்தது நிஜமான சொறி. முதுகெல்லாம் பொருக்கு. தொட்டால் அரிப்பு தாங்காமல் துள்ளி, வலிப்பு கண்டது போல உதறியது. சரியாகப் பார்த்தால் தீர்க்கக்கூடிய வியாதிதான். எடை போட்டு, சொட்டுக் கணக்கில் ஊசி மருந்து, பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை, கூண்டையும் கொதிநீரில் கழுவ வேண்டும். ஆனால் அவர் ஒர்க்‌ஷாப் வாசலில் கிடந்த நாய்க்குச் செய்ததையே இதற்கும் செய்திருந்தார். லாரியிலிருந்து வடித்த பழைய ஆயிலைத் தலை முதல் கால் வரை பூசியிருந்தார். கன்னங்கரேலென்று நடுங்கிக்கொண்டிருந்ததை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நாலு தடவை கழுவினேன். ஐந்தாவது தடவைக்கு அது உயிரோடு இல்லை. ‘முன்னாடியே கொண்டு வந்திருக்கணும்’ என்ற அந்த வரி நாக்கு நுனி வரை வந்தது. இந்த முறை அது உண்மையும்கூட. ஆனாலும் சொல்ல முடியவில்லை. வெல்டர் ஈரத்துணியையே பார்த்துக்கொண்டு கேட்டார்: “நாய்க்குக் கேட்டுச்சே மேடம்?”

பதினாலு பக்கம்

இரண்டாயிரத்துக்குப் பிறகு கம்ப்யூட்டர்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். அப்படி ஒரு ஜோடி: கணவருக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர், மனைவிக்குச் சென்னை. இரண்டு பெண் கினி பிக். ஒன்றுக்கு விலாவில் முடி கத்தரித்தது போல் குட்டையாக இருந்தது. கணவர் இணையத்திலிருந்து பதினாலு பக்கம் அச்செடுத்து, மஞ்சள் மையால் கோடு போட்டுக் கொண்டுவந்திருந்தார். படை, ஹார்மோன், புற்றுநோய் எல்லாம் அதில் இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தோல் சுத்தமாக இருந்தது, முடிதான் பாதியில் அறுந்திருந்தது. கூட இருக்கிறதுதான் கடித்துத் தின்கிறது என்றேன்.

காரணம் பகை இல்லை. நாள் முழுக்கப் பூட்டின வீடு, சின்னக் கூண்டு, கடிக்க ஒரு பிடி புல்கூடக் கிடையாது. தினமும் புல், நெல்லிக்காய், பெரிய கூண்டு என்று எழுதி, “அதுவரைக்கும் ரெண்டையும் பிரிச்சு வைங்க” என்றேன். கணவர் பதினைந்தாவது பக்கமாக அதையும் குறித்துக்கொண்டார். மனைவி அவர் பக்கம் திரும்பாமலே என்னிடம் சொன்னாள்: “எங்களுக்கும் அப்படி ஒண்ணு எழுதிக் குடுத்துடுங்க டாக்டர்.”

அதே கூடை

ஒன்பது வருடம் கழித்து முருகேசன் அதே பிளாஸ்டிக் கூடையோடு வந்தார். கூட வந்த சுமதிக்குப் பதினெட்டு வயது, இன்ஜினியரிங் முதல் வருடம். தோழி ஊரை விட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன கினி பிக் என்றாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. “நேத்துதான் டாக்டர் தெரிஞ்சுது. இன்னிக்கே கொண்டு வந்துட்டேன். இந்தத் தடவை லேட் பண்ணல.” சொல்லிக்கொண்டே காது மடலை விலக்கிக் காட்டினாள். புளியங்கொட்டை அளவு.

“இது நோய் இல்லம்மா. எல்லாத்துக்கும் இப்படித்தான் இருக்கும்” என்றேன். இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவள் “அப்போ பண்டு?” என்று கேட்டுவிட்டாள். மேஜையைப் பிடித்துக்கொண்டேன். “பண்டுவுக்கு ஒண்ணுமே இல்ல. நான் தடவின மருந்துலதான் செத்துப் போச்சு. ஒரே மாசத்துல எனக்குத் தெரிஞ்சுடுச்சு. வந்து சொல்லத் தைரியம் வரல.” முருகேசன் கூடையின் மூடியைத் திறந்து மூடினார், திறந்து மூடினார். சுமதி திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவளுக்குத் தெரிந்த தமிழில் வார்த்தை தேடித் தேடிச் சொன்னாள்: “பண்டு காதுல அதை நான் ரெண்டு நாள் முன்னாடியே பாத்துட்டேன் டாக்டர். பப்பா பண்டுவை வாபஸ் குடுத்துடுவாரோன்னு சொல்லல. இத்தனை வருஷம் நான்தான் அதை மார் டாலா, கொன்னுட்டேன்னு நினைச்சிட்டு இருந்தேன்.”

எங்கள் நோயாளிகள் வாய் திறப்பதில்லை என்பது உண்மைதான், ஆனால் கூடையைத் தூக்கிக்கொண்டு கூட வருகிறவர்கள் நாங்கள் சொன்னதை அப்படியே நம்பி வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள் என்பது தோல் வியாதிப் பாடத்தில் எங்கேயும் இல்லை.