இருபதாவது சொட்டு

தராசுத் தட்டில் உப்பு விழும்படி, ஸ்பூனின் காம்பை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு தட்டு, இன்னொரு தட்டு, போதும். சாயப்பட்டறையில் அவளுக்கே "தராசு" என்றுதான் பெயர். உப்பையும் அமிலத்தையும் அளந்து அவள் கலக்கும் பஃபர் கரைசல்தான் சாயத்தொட்டிக்குக் காவல். துணியில் ஒட்டிவரும் சலவைச் சோடாவை அது விழுங்கிக்கொள்ளும். தொட்டியின் பி.எச். ஐந்தை ஒட்டியே நிற்கும், நிறம் சீராக ஏறும்.

ஆனால் மூன்று தொட்டித் துணி திட்டுத்திட்டாக வந்துவிட்டது. "நாலாவதும் கெட்டா, நீ கூட்டுற வேலைக்குப் போயிடு," என்றார் கண்காணிப்பாளர். தராசுக்கோ அது பதினெட்டு வருஷக் கைப்பழக்கம்.

பக்கத்தில் நின்ற நாத்தனார் சொன்னாள்: "அண்ணிக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல சார். பாவம்."

கலக்கிய கரைசல் கேன்களை மாடியிலுள்ள சாயத்தொட்டிக்குத் தூக்கிப்போகிறவள் இந்த நாத்தனார்தான். கையைக் காலைப் பிடித்து அவளை வேலையில் சேர்த்துவிட்டது தராசு. நமக்குத்தான் கண் போய்விட்டதோ என்று தராசுக்கே சந்தேகம் வந்தது.

அன்று சாயங்காலம் மாடிப்படிக்குக் கீழே, சாக்கடை மூடியில் அவள் கலக்கும் கரைசலின் அதே வினிகர் வாடை அடித்தது. அந்த வாடைக்கு அங்கே என்ன வேலை? மாடிக் கேனிலிருந்து ஒரு குவளை எடுத்துவந்தாள். மீட்டர் ஐந்து என்றது. கலக்கும்போதே அறையில் எடுத்துவைத்த மாதிரிப் புட்டிக்கும் ஐந்துதான். வெளுத்ததெல்லாம் பால் என்று சொல்கிற மீட்டர். தண்ணீர் கலந்தால் பி.எச். அசையாது, தாங்கும் சக்திதான் குறையும். படுத்திருக்கும் நோயாளிக்கு நாடி ஒழுங்காகத்தான் இருக்கும். எழுப்பி நடக்கவிட்டால்தான் தெம்பு தெரியும்.

நடக்கவிட்டாள். இரண்டிலும் சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். இருபதாவது சொட்டில் கேன் கரைசல் எட்டுக்குத் தாவியது. மாதிரி அப்போதும் ஐந்தரையைத் தாண்டவில்லை. மாதிரியில் சரிபாதி குழாய்த் தண்ணீர் கலந்து பார்த்தாள். அதுவும் இருபதில் கவிழ்ந்தது.

வீட்டில் நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா தண்ணி கலக்குற?"

"கேன் கனம் அண்ணி. பாதியக் கீழ கொட்டிட்டு மேல குழாய்ல நிரப்பினேன். மீட்டர் அஞ்சுதானே காட்டுச்சு."

"ரெண்டு தடவையாத் தூக்கியிருக்கலாமே."

"பாக்குறவங்க சிரிப்பாங்க."

"சரி. என் கண்ணு கெட்டுப்போச்சுன்னு எப்போ கண்டுபிடிச்ச?"

நாத்தனார் மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள். "வெளிய சொல்லிடாதீங்க அண்ணி. நாம ஒரே குடும்பம்."

"சார் முன்னாடி நின்னப்போ அந்தக் குடும்பம் எங்க போயிருந்துச்சு?"

தண்ணீர் கலந்ததைக்கூடத் தராசு பொறுத்திருப்பாள். கூடவே இருந்து குழி பறித்துவிட்டு, மேலே நின்று 'பாவம்' என்றாளே, அதுதான் உள்ளே இறங்கவில்லை.

மறுநாள் காலை சாப்பாட்டு டப்பா ஒன்றுதான் கட்டினாள். இத்தனை நாளும் இரண்டு. நாலாவது தொட்டி நிரம்பும் முன்னே, மாதிரிப் புட்டியையும் கேனிலிருந்து எடுத்த குவளையையும் மீட்டரையும் சோடாச் சொட்டுக்குழாயையும் கண்காணிப்பாளர் மேசையில் வைத்தாள்.

"நீங்களே சொட்டு விட்டு மீட்டரப் பாருங்க சார். எனக்குத்தான் கண்ணு சரியில்லையே."