ஒன்று என்றால் கல்பாக்கம்

செங்கல்பட்டில் ஏரியைப் பார்த்த ஒரு மாடியில், ஒப்பந்தப் பேருந்து விடுகிற அலுவலகம் இருந்தது. தொண்ணூறுகளில் அவர்களுக்கு மாதாந்திர பாஸ் அச்சடிக்க ஒரு கணினி நிரல் எழுதிக் கொடுத்தேன். கறுப்புத் திரையில் ஊர்ப் பட்டியல்: ஒன்று கல்பாக்கம், இரண்டு மாமல்லபுரம், மூன்று பொத்தேரி, நான்கு கருங்குழி. எண்ணைத் தட்டினால் அந்த ஊருக்குப் பாஸ் வரும். ஏன் அந்த வரிசை என்றால் எனக்கே தெரியாது. வாயில் வந்தபடி போட்டது.

அதை இயக்கிய அக்கா, வந்தவரிடம் ஊரையும் பணியாளர் எண்ணையும் கேட்பார். விரல்கள் தட்டிக்கொண்டிருக்கும், முகம் மட்டும் சன்னல் பக்கம் இருக்கும். ஏரித் தண்ணீரின் வெளிச்சம் அவர் கன்னத்தில் அசையும். மின்விசிறிச் சத்தத்தில் எனக்கும் கண் சொக்கும், அந்த அறையே மெல்ல மிதப்பதுபோல் இருக்கும். சரியான கனவுக்காரி என்று மனசுக்குள் கேலி செய்துகொள்வேன்.

பத்து வருஷத்தில் நிரலின் உள்ளே எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். கணினி மாறியது, மொழி மாறியது, தகவல்கள் வேறு இடத்துக்குக் குடிபெயர்ந்தன. அக்காவுக்கு எதுவும் தெரியவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட. ஆனால் கை சும்மா இருக்குமா? ஒரு நாள், அழகாக இருக்கட்டுமே என்று ஊர்களை அகரவரிசையில் அடுக்கினேன். கருங்குழி முதலில் வந்து உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் கல்பாக்கம் போகிறவர்கள் கையிலெல்லாம் கருங்குழி பாஸ். ஒரே கூச்சல்.

"திரையப் பாத்து அடிக்க மாட்டியா? இன்னொரு தபா ஆச்சுன்னா வேற ஆளப் போட்டுடுவேன்" என்று மேலாளர் அக்காவிடம் கத்தினார்.

அக்கா என்னைப் படிக்கட்டுக்கு அழைத்துப் போனார்.

"இன்னா தங்கச்சி பண்ணி வச்சே? எனக்குக் கண்ணு தெரில. மூணு வருசமாச்சு. எழுத்தெல்லாம் பனி மூடுனாப்ல கீது. வெரலை நம்பித்தான் ஓட்டிகினு கீறேன். வூட்ல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான்."

"அப்போ ஏரியைப் பார்த்துகிட்டே இருப்பீங்களேக்கா?"

"அது ஒண்ணுதான் வெளிச்சமா கீது."

எனக்கு அவமானமாக இருந்தது. மேலாளரிடம் போய், தப்பு முழுக்க என்னுடையது என்று சொன்னேன். அங்கேயே உட்கார்ந்து பழைய வரிசையைத் திரும்பப் போட்டேன். அடுத்து வருகிறவர்களுக்காக நிரலின் தலையில் ஒரு குறிப்பும் எழுதினேன்: இந்த வரிசையை யாரும் தொடக் கூடாது. காரணம் எழுதவில்லை.

அக்கா ஒன்றைத் தட்டினார். வெளியே வந்த பாஸை என்னிடம் நீட்டி, தணிந்த குரலில் கேட்டார்.

"கல்பாக்கந்தானே?"

"ஆமாக்கா."

அதை வாங்கி, காத்திருந்தவரிடம் கொடுத்துவிட்டு, முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.