மூன்று அங்குலம் குறைந்த துண்டு

தொண்ணூறுகளின் கடைசி. அண்ணாச்சி சிவகாசிப் பக்கத்து மொத்த வியாபாரி; நெற்றி நிறையத் திருநீறு, கதர்ச் சட்டை. செல்லூரில் எங்கள் தறிக்கூடத்துக்கு முதல் சரக்கையும் தறி ஓடுவதையும் பார்க்க வந்திருந்தார். பிடித்துப்போனால் வருடம் முழுக்கக் குளியல் துண்டு எங்களிடமே எடுப்பதாகப் பேச்சு. பிடிக்காவிட்டால் நான்கு விசைத்தறிகளையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, நானும் மைத்துனனும் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

அவர் வந்த நேரம் கரண்ட் இல்லை. மதியம்தான் வரும் என்றார்கள். சும்மா உட்காரவைத்தால் மனுஷர் டேப்பை எடுத்து அளந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். சாம்பிளுக்குக் கொடுத்த துண்டு அறுபது அங்குலம். சரக்கில் மூன்று அங்குலம் குறைத்து ஓட்டச் சொன்னது நான். மைத்துனன் வேண்டாமென்றுதான் சொன்னான்.

"பக்கத்துல ஏதும் படம் ஓடுதா தம்பி?" என்று அண்ணாச்சியே கேட்டார்.

ஜெனரேட்டர் வைத்துக் காலைக்காட்சி ஓட்டியது ஒரே ஒரு தியேட்டர்தான். தமிழில் டப் செய்த இங்கிலீஷ் படம், போஸ்டரில் 'ஏ' முத்திரை. தயங்கித் தயங்கிச் சொன்னேன். "எங்க ஊர்ல இதெல்லாம் பாக்க முடியுமா? வாங்க" என்று முதல் ஆளாக எழுந்தார்.

மின்விசிறி ஓடிய வரிசையில் அவர், பின்வரிசையில் நாங்கள். கம்பெனி வேலையாக வெளியூர் போன மேனேஜர் ஒருவன் தெரியாமல் முதலாளி மனைவியின் அறையில் தூங்கிவிடுகிறான். அதன்பிறகு கட்டிலுக்குக் கட்டில் துரத்தல். அமெரிக்காக்காரர்கள் எல்லாரும் மெட்ராஸ் பாஷையில் திட்டிக்கொண்டார்கள். ஒவ்வொரு பச்சை வசனத்துக்கும் அண்ணாச்சி தொடையைத் தட்டிச் சிரித்தார்.

இடைவேளைக்குச் சற்று முன்னால் மேனேஜர் ஒற்றைத் துண்டோடு ஓட்டல் வராந்தாவில் மாட்டிக்கொண்டான். கதவு பூட்டிக்கொண்டது. அந்தக் கோலத்தில் மீட்டிங் நடக்கும் ஹாலுக்குள் ஓடினான். மைத்துனன் என் காதருகே சாய்ந்து எங்கள் வீட்டு மொழியில் சொன்னான்: நம்ம சரக்கைக் கட்டிக்கிட்டு ஓடியிருந்தா ஆளு வாசல்லயே அம்மணம், மூணு அங்குலம் கொறஞ்ச துண்டுல முடிச்சு எங்க நிக்கும்?

அடக்க முடியாமல் சிரித்தேன். நாங்கள் சௌராஷ்டிரக்காரர்கள். எதிரே நிற்பவரைப் பற்றியே, அவருக்கு எங்கே புரியப்போகிறது என்ற தைரியத்தில், பஸ்ஸிலும் கடையிலும் சத்தமாகப் பேசிப் பழகியவர்கள்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. இடைவேளையில் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு எங்கள் மொழியிலேயே, எங்களைவிடச் சுத்தமாகக் கேட்டார்: யார் குறைத்தது?

பிறகு தமிழுக்கு வந்தார். "விளக்குத்தூண் பக்கம் உங்க ஆளுக ஜவுளிக்கடையில பன்னெண்டு வருசம் வேல பாத்தவன் தம்பி நான்."

நான் கையிலிருந்த முறுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் அண்ணாச்சி. மச்சானுக்கு ஒண்ணும் தெரியாது" என்றான் மைத்துனன்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அது. திறக்கவில்லை.

"அறுபதுல புதுசா ஓட்டிக் குடுங்க. வருச ஆர்டர் உங்களுக்குத்தான். ஆனா இந்தத் தம்பி தறியில கை வைக்கக் கூடாது. சரியா?"

"சரி அண்ணாச்சி" என்றேன்.

மணி அடித்ததும் உள்ளே போய் மீதிப் படத்தையும் பார்த்தோம். சிரிக்க வேண்டிய இடங்களில் மைத்துனனும் சிரித்தான். எனக்குக் கதை எதுவும் மண்டையில் ஏறவில்லை.

அந்த மாதமே அவன் சூரத்துக்கு மில் வேலைக்குக் கிளம்பினான். பெட்டியோடு வந்து நின்ற தம்பியிடம் என் மனைவி, "சொந்தத் தறிய விட்டுட்டு எதுக்குடா?" என்று கேட்டாள்.

"அங்க சம்பளம் கூடக்கா" என்றான்.

நான் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்களாச்சும் இருடான்னு சொல்லுங்களேன்."

"போயிட்டு வரட்டும்" என்றேன்.